எடையைக் குறைக்கலாம், எச்சரிக்கையைக் குறைக்கலாமா?

2022 மே மாதம் பெங்களூரில், கன்னடத் தொலைக்காட்சித் தொடர்களில் நடித்துவந்த 21 வயது நடிகை சேத்தனா ராஜ், கொழுப்பு நீக்கச் சிகிச்சைக்காகத் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்த அன்றே உயிரிழந்தார். 2024 ஏப்ரலில், சென்னைப் புறநகரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்கு எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்காக வந்த புதுச்சேரி இளைஞர் ஒருவர், சிகிச்சையின்போது உடல்நிலை மோசமாகி இறந்துபோனார். அரசின் விசாரணைக்குப் பிறகு அந்த மருத்துவமனையின் பதிவு தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. 2026 ஜனவரியில், உடல் இளைக்கும் என்று இணையக் காணொலியில் சொல்லப்பட்டதை நம்பி, நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் வாங்கி உட்கொண்ட மதுரைக் கல்லூரி மாணவி ஒருவர் உயிரிழந்தார்.

மூவரும் தேர்ந்த வழிகள் வேறு வேறு. ஒருவர் அழகியல் சிகிச்சையை நாடினார். ஒருவர் உண்மையிலேயே மருத்துவம் தேவைப்பட்டவர். மற்றொருவர் மருத்துவரிடம் போகாமலேயே மருந்து தேடியவர். ஆனால், மூவரும் இளைஞர்கள். மூவரும் வேண்டியது ஒன்றுதான்: எடை குறைய வேண்டும்.

இப்போது அந்த விருப்பத்துக்கு இந்தியச் சந்தையில் புதியதொரு வாசல் திறந்திருக்கிறது. வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசி மருந்துகள் 2025-இல் அடுத்தடுத்து இங்கே அறிமுகமாயின. மார்ச் மாதம் டிர்செபடைடு 'மௌஞ்சாரோ' என்ற பெயரிலும், ஜூன் மாதம் செமாக்ளூடைடு 'வீகோவி' என்ற பெயரிலும் வந்தன. செமாக்ளூடைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச்சுடன் முடிவதை எதிர்நோக்கி உள்நாட்டு நிறுவனங்கள் பலவும் களத்தில் இறங்கின. பணக்காரர்களின் மருந்தாக இருந்தது நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டும் காலம் இது. இந்த நேரத்தில் மூன்று கேள்விகளை நாம் கேட்டாக வேண்டும். இவற்றில் எது உண்மையிலேயே பலன் தருகிறது? யாருக்குத் தருகிறது? அந்தப் பலனுக்கான விலையை யார் கொடுக்கிறார்கள்?

ஆசையைப் பழிப்பதில் பொருளில்லை

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எடை குறைய விரும்புவோர் அனைவரும் வீண் ஆடம்பரத்தில் திளைப்பவர்கள் அல்லர். ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். நாட்டின் சராசரி பெண்களில் 24 சதவீதமும் ஆண்களில் 22.9 சதவீதமும்தான். இந்தப் பட்டியலில் நாம் முன்னால் நிற்பது பெருமைக்குரியதல்ல.

ஐரோப்பியர்களைவிடக் குறைந்த எடையிலேயே நம்மவர்களுக்கு நீரிழிவும் இதயநோயும் வருகின்றன. எனவேதான் உடல் நிறை குறியீட்டெண் 25-ஐத் தொட்டாலே இந்தியருக்கு உடல் பருமன் என்று நம் மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். 160 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு அது 64 கிலோ. அதைவிட முக்கியமானது, கொழுப்பு உடலில் எங்கே சேர்கிறது என்பது. வயிற்றுக்குள்ளே கல்லீரலையும் குடலையும் சூழ்ந்து சேரும் கொழுப்பே அதிகத் தீங்கு செய்கிறது.

இதனுடன் சமூகத்தின் கேலியும் சேர்ந்துகொள்கிறது. பருமனானவரைச் சிரிப்புக்குரிய பாத்திரமாகவே காட்டிப் பழகிய திரைப்படம், பெண் பார்க்க வந்த இடத்தில் உடம்பைப் பற்றிக் கூசாமல் பேசும் உறவினர், வகுப்பறையில் பட்டப்பெயர் வைக்கும் நண்பர்கள் என்று எல்லோரும் சேர்ந்துதான் ஓர் இளம்பெண்ணை அந்தக் காணொலியின் முன் கொண்டுபோய் நிறுத்துகிறோம். பிறகு அவளது அறியாமையை மட்டும் குறை சொல்கிறோம்.

ஆகவே, மருந்து வேண்டுமா வேண்டாமா என்பதல்ல இங்கே வழக்கு. நோய்க்குச் செய்யும் மருத்துவமும், மெலிவை விற்கும் வணிகமும் ஒரே பெயர்ப் பலகையின் கீழ் இயங்குவதுதான் சிக்கல். இந்த இரண்டும் கலந்தபோதெல்லாம் என்ன நடந்தது என்பதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரலாறு நம்முன் இருக்கிறது.

மீண்டும் மீண்டும் அதே கதை

முதல் உலகப் போரின்போது பிரான்ஸின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோபீனால் என்ற வேதிப்பொருளைக் கையாண்ட தொழிலாளர்கள் மெலிந்துபோனார்கள். சிலர் கடும் காய்ச்சல் கண்டு இறந்தார்கள். 1933-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே பொருள் எடையைக் குறைப்பதை அறிவித்தார்கள். சில மாதங்களிலேயே அது மருந்துச் சீட்டு கூட இல்லாமல் கடைகளில் விற்பனையானது. சுமார் ஒரு லட்சம் பேர் அதை உட்கொண்டிருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது.

அது வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. உடல் தனக்குக் கிடைக்கும் ஆற்றலைப் பயன்படுத்தவிடாமல் வெறும் வெப்பமாக வெளியேற்றிவிடும். எடை மளமளவென்று இறங்கும். ஆனால், அளவு சற்றே மிஞ்சினாலும் உடல் உள்ளிருந்தே கொதிக்கத் தொடங்கும். முறிமருந்து கிடையாது. இளம்பெண்கள் பலருக்குக் கண்புரை வந்தது, பலர் இறந்தார்கள். 1938-இல் அமெரிக்காவில் புதிய மருந்துச் சட்டம் வந்தபின் அது மனிதர் உட்கொள்ளத் தகாதது என்று விலக்கப்பட்டது. எனினும் இணையத்தின் மறைவிடங்களில் இன்றும் அது விற்கப்படுகிறது.

அடுத்து 1965-இல் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா ஆகிய நாடுகளில் அமினோரெக்ஸ் வந்தது. நுரையீரல் நாளங்களில் ரத்த அழுத்தம் உயரும் கொடிய நோயை அது உண்டாக்குவது தெரிந்து 1968-இல் திரும்பப் பெறப்பட்டது. 1990-களில் அமெரிக்காவில் ஃபென்ஃபுளூரமின், ஃபென்டர்மின் என்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் பரவியது. அந்தக் கூட்டு மருந்துக்கு அனுமதியே கிடையாது. தனித்தனியாக அனுமதி பெற்றவற்றை மருத்துவர்கள் தாங்களாகவே சேர்த்து எழுதினார்கள். 1996-இல் மட்டும் இவற்றுக்கு எழுதப்பட்ட மருந்துச் சீட்டுகள் 1.8 கோடியைத் தாண்டின. மறு ஆண்டு, இவற்றை உட்கொண்ட 24 பெண்களின் இதய வால்வுகள் பழுதடைந்திருப்பதை மேயோ மருத்துவமனை மருத்துவர்கள் வெளியிட்டார்கள். 1997 செப்டம்பரில் ஃபென்ஃபுளூரமின் சந்தையிலிருந்து நீக்கப்பட்டது.

பின்னர் 2006-இல் ஐரோப்பாவில் ரிமோனபன்ட் அனுமதி பெற்றது. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் தோன்றுவதால் 2008-இல் நிறுத்தப்பட்டது. இந்தியாவும் அதைத் தடை செய்தது. சிபுட்ரமின் பல ஆண்டுகள் இங்கேயும் தாராளமாக எழுதப்பட்ட மாத்திரை. சுமார் 10,000 பேரிடம் நடந்த ஆய்வில், இதயநோய் அபாயம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 16 சதவீதம் கூடுதலாக வருவது தெரிந்தது. 2010-இல் அமெரிக்காவிலும் 2011-இல் இந்தியாவிலும் அது விலக்கப்பட்டது. 2012-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட லோர்காசெரின், புற்றுநோய் ஐயத்தால் 2020-இல் விடைபெற்றது.

இவை அனைத்தும் போலி மருந்துகள் அல்ல. பெரும்பாலானவை முறையாக அனுமதி பெற்றவை. ஓரளவு எடையைக் குறைக்கவும் செய்தவை. தீங்கு தெரியும் முன்பே லட்சக்கணக்கானோரின் உடலுக்குள் சென்றுவிட்டவை. காரணம் எளிது. புற்றுநோய் மருந்தைப் புற்றுநோயாளி மட்டுமே கேட்பார். எடைக் குறைப்பு மருந்தையோ நோயில்லாதவரும் கேட்பார். ஆய்வில் பங்குகொண்டவர்கள் ஒரு வகையினர். கடையில் வரிசையில் நிற்பவர்கள் வேறு வகையினர்.

பிரெஸ்ட் நகரத்து மருத்துவர்

இந்த வரலாற்றில் நாம் நின்று பார்க்க வேண்டிய ஓர் அத்தியாயம் பிரான்ஸில் நடந்தது. செர்வியே என்ற மருந்து நிறுவனம் 1976-இல் 'மெடியேட்டர்' என்ற மாத்திரையைக் கொண்டுவந்தது. அதிக எடை கொண்ட நீரிழிவு நோயாளிகளுக்கானது என்பதே அதிகாரபூர்வமான குறிப்பு. ஆனால், பசியை அடக்கும் மாத்திரையாகவே அது பெரிதும் எழுதப்பட்டது. சுமார் 50 லட்சம் பேர் அதை உட்கொண்டார்கள்.

உடலுக்குள் சென்றதும், ஃபென்ஃபுளூரமினிலிருந்து உருவாகும் அதே நச்சுப்பொருள்தான் இதிலிருந்தும் உருவாகிறது. ஃபென்ஃபுளூரமின் 1997-இல் விலக்கப்பட்டபோதே இதுவும் விலக்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால், நீரிழிவு மருந்து என்ற பெயரில் மேலும் 12 ஆண்டுகள் அது விற்பனையில் நீடித்தது.

பிரெஸ்ட் நகரத்தில் நுரையீரல் மருத்துவராகப் பணியாற்றிய இரேன் ஃபிராஷோன், தம்மிடம் வந்த நோயாளிகளின் இதய வால்வுப் பழுதுக்கும் இந்த மாத்திரைக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டார். பழைய மருத்துவக் கோப்புகளைத் தோண்டினார், அதிகாரிகளிடம் மன்றாடினார். 2009 நவம்பரில்தான் மாத்திரை நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு அவர் எழுதிய நூலின் அட்டையில் 'எத்தனை மரணங்கள்?' என்று பொருள்படும் துணைத்தலைப்பு இருந்தது. நிறுவனம் நீதிமன்றம் சென்று அதை நீக்கவைத்தது. பின்னர் நடந்த கணக்கீடுகள் 500 முதல் 2,000 வரை இறந்திருக்கலாம் என்றன.

2021 மார்ச்சில் பாரிஸ் நீதிமன்றம் செர்வியே நிறுவனத்தை மோசடிக்கும், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கும் குற்றவாளி என்று தீர்ப்பளித்து 27 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. 2023 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்நிறுவனம் செலுத்த வேண்டிய தொகை 43 கோடி யூரோவைத் தாண்டும் வகையில் தீர்ப்பைக் கடுமையாக்கியது. முதல் தீர்ப்பிலேயே, கண்காணிக்கத் தவறியதற்காக பிரான்ஸின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பும் தண்டிக்கப்பட்டது.

வலுவான ஒழுங்குமுறை கொண்ட, நோயாளிகளின் விவரங்களை முறையாகப் பதிவுசெய்யும் ஒரு நாட்டிலேயே 33 ஆண்டுகள் இது தொடர்ந்தது. மருந்தால் நேரும் தீங்கை மருத்துவர்கள் எழுதி அனுப்பும் பழக்கமே வேரூன்றாத நம் நாட்டில், இப்படியொன்று நடந்தால் அதைக் கண்டுபிடிக்க ஓர் ஃபிராஷோன் கிடைப்பாரா?

'இயற்கை' என்னும் முகமூடி

மாத்திரைக்கு அஞ்சுபவர்களை இழுக்கக் காத்திருக்கிறது 'இயற்கை' என்ற சொல். தேநீர்ப் பொடி, மூலிகைச் சூரணம், கொழுப்பைக் கரைக்கும் சாறு என்று அதற்கு ஆயிரம் வடிவங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எடை குறைப்பதில் குறிப்பிடத்தக்க பலன் உண்டு என்பதற்குச் சான்று இல்லை. மலமிளக்கி கலந்த பொடியால் எடைக் கருவியில் முள் இறங்கும். இறங்கியது உடலிலுள்ள நீர் மட்டுமே. உண்மையிலேயே பசி அடங்கி எடை குறைந்தால், மகிழ்வதைவிட ஐயப்படுவதே அறிவுடைமை. தடை செய்யப்பட்ட சிபுட்ரமினை மூலிகை மருந்து என்ற பெயரில் கலந்து விற்பதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பலமுறை கண்டறிந்து எச்சரித்திருக்கிறது.

வெங்காரத்தின் கதை இன்னும் வேதனையானது. சித்த மருத்துவத்தில் முறைப்படி சுத்தி செய்து, மிகக் குறைந்த அளவில், வேறு மருந்துகளுடன் சேர்க்கப்படும் தாதுப்பொருள் அது. சுத்தி செய்வது எப்படி, எவ்வளவு, யாருக்கு என்ற அறிவெல்லாம் சேர்ந்துதான் அந்த மருத்துவம். அந்த அறிவை உதறிவிட்டுப் பொருளின் பெயரை மட்டும் காணொலியில் சொல்வது, சித்த மருத்துவத்துக்கும் செய்யும் துரோகம். வெங்காரம் அளவு மீறி உள்ளே சென்றால் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், சிறுநீரகம் செயலிழக்கும்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்றால், 70 ஆண்டுகளாக இருக்கிறது. 1954-இல் இயற்றப்பட்ட மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், குறிப்பிட்ட 54 நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே குற்றமாக்குகிறது. அந்தப் பட்டியலில் உடல் பருமனும் உண்டு. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை. இந்தத் தண்டனையைக் கடுமையாக்கவும், மின்னணு ஊடகத்தை வெளிப்படையாகச் சேர்க்கவும் 2020-இல் மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு திருத்த வரைவை வெளியிட்டது. அது வரைவாகவே கிடக்கிறது. இதற்கிடையில், 'துணை உணவு' என்ற பெயரில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம் பெற்றுவிட்டால், மருந்துக்குரிய ஆய்வுகள் எதுவும் இல்லாமலேயே ஒரு பொடியைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட முடிகிறது. புட்டியின் மேல் உள்ள உரிம எண்ணை, பலனுக்கான சான்றிதழ் என்று வாங்குபவர் எண்ணிக்கொள்கிறார்.

உறிஞ்சினால் தீருமா?

கொழுப்பை மருந்தால் கரைக்க வேண்டாம், நேராக உறிஞ்சி எடுத்துவிடலாம் என்பது அடுத்த வாக்குறுதி. லிபோசக்‌ஷன் எனப்படும் இந்த முறை 1970-களில் இத்தாலியிலும் பிரான்ஸிலும் உருப்பெற்றது. அதற்கும் முன்பு, 1920-களில் பாரிஸில் ஒரு நடனக் கலைஞரின் காலிலிருந்து கொழுப்பைச் சுரண்டி எடுக்க முயன்று, கால் அழுகி, அதை வெட்டி எடுக்க நேர்ந்த கதையும் உண்டு. இன்றைய முறை அதைவிட எவ்வளவோ பாதுகாப்பானது. ரத்தக்கசிவைக் குறைக்கும் மருந்தும் மரப்பு மருந்தும் கலந்த உப்புநீரைத் தோலுக்கடியில் செலுத்தி, மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சுகிறார்கள்.

இது எடைக் குறைப்புச் சிகிச்சை அல்ல என்பதைத் தேர்ந்த அறுவை மருத்துவர்களே சொல்வார்கள். உணவாலும் உடற்பயிற்சியாலும் குறையாமல் ஓரிடத்தில் தேங்கிய கொழுப்பை நீக்கி உடலின் வடிவத்தைத் திருத்துவது மட்டுமே இதன் பயன். அந்த அளவில் எதிர்பார்ப்பவருக்கு, தகுதியுள்ளவர் கையில், அது பலன் தரக்கூடும். ஆனால், விளம்பரங்கள் அப்படிப் பேசுவதில்லை.

2004-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார்கள். உடல் பருமன் கொண்ட 15 பெண்களின் வயிற்றுத் தோலடியிலிருந்து ஏறக்குறைய 10 கிலோ கொழுப்பு உறிஞ்சப்பட்டது. பத்துப் பன்னிரண்டு வாரங்கள் கழித்துப் பரிசோதித்தபோது அவர்களின் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு அளவுகள் எதிலும் முன்னேற்றம் இல்லை. உணவைக் குறைத்து அதே எடையை இழந்திருந்தால் இவை யாவும் மேம்பட்டிருக்கும். ஏனெனில், குழாய் எடுப்பது தோலுக்கடியில் உள்ள கொழுப்பை. தீங்கு செய்வதோ வயிற்றுக்குள்ளே இருக்கும் கொழுப்பு. 2011-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 32 பெண்களிடம் நடந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. எடுத்த கொழுப்பு ஓராண்டுக்குள் திரும்ப வந்துவிட்டது. எடுத்த தொடைக்கு அல்ல, வயிற்றுக்கு.

அபாயமும் சிறிதல்ல. கொழுப்புத் துணுக்குகளோ ரத்தக்கட்டியோ நுரையீரல் நாளத்தை அடைத்துவிடலாம். குழாய் குடலைத் துளைத்துவிடலாம். மரப்பு மருந்தே நஞ்சாகலாம். 1994 முதல் 1998 வரை அமெரிக்காவில் நடந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் சிகிச்சைகளைப் பற்றி அறுவை மருத்துவர்களிடம் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில் 95 மரணங்கள் தெரியவந்தன. அதாவது, ஏறக்குறைய 5,000 பேரில் ஒருவர். பின்னர் முறைகள் மேம்பட்டு அந்த விகிதம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால், குறைந்தது தேர்ந்த மருத்துவரும் மயக்கவியல் நிபுணரும் அவசர சிகிச்சை வசதியும் உள்ள இடங்களில். மாடிப்படி ஏறிப்போகும் அழகு நிலையத்துக்கு அந்தப் புள்ளிவிவரம் பொருந்தாது.

கத்தியின்றி, குளிரூட்டிக் கொழுப்பை அழிக்கும் கருவிகளும் வந்துவிட்டன. புகழ்பெற்ற விளம்பர அழகி லிண்டா எவாஞ்சலிஸ்டா, அந்தச் சிகிச்சைக்குப் பின் கொழுப்பு குறைவதற்கு மாறாக இறுகித் திரண்டு தம் உருவமே மாறிவிட்டதாக 2021-இல் அறிவித்து வழக்குத் தொடர்ந்தார்; மறு ஆண்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது. அரிதாக நேரும் விளைவுதான் அது. ஆனால், அந்த அரிதான விளைவு ஒன்று உண்டு என்பதைச் சிகிச்சைக்கு முன்பே சொல்வதுதான் மருத்துவம்.

இங்கே ஒரு வேறுபாட்டையும் மனத்தில் கொள்ள வேண்டும். இரைப்பையைச் சுருக்கும் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை அழகுக்கானதல்ல. மிகு பருமனும் நீரிழிவும் கொண்டவர்களுக்கு அது நீடித்த பலன் தருவதற்கு உறுதியான சான்றுகள் உள்ளன. அங்கே தேவை கேள்விக்குரியதல்ல. அதைச் செய்யும் இடத்தின் தகுதியே கேள்விக்குரியது.

பலன் தருவதாலேயே கவனம் வேண்டும்

இனி, புதிய ஊசிகளுக்கு வருவோம். இவை பழைய மாத்திரைகளின் வரிசையில் இன்னொன்று என்று ஒதுக்கிவிடுவது நேர்மையல்ல. உணவு உண்டதும் குடலில் சுரக்கும் ஓர் இயக்குநீரைப் போல வேலை செய்து, பசியைத் தணித்து, வயிறு நிறைந்த உணர்வை நீட்டிக்கின்றன. 1,961 பேர் பங்கேற்ற ஆய்வில், 68 வாரங்களில் செமாக்ளூடைடு எடுத்தவர்கள் சராசரியாகத் தம் எடையில் 14.9 சதவீதத்தை இழந்தார்கள். மருந்தற்ற ஊசி போட்டவர்கள் 2.4 சதவீதம். டிர்செபடைடின் உயர்ந்த அளவு, 72 வாரங்களில் சுமார் 21 சதவீதம் வரை குறைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க, கொழுப்பு செரிக்காமல் வெளியேறச் செய்யும் பழைய ஆர்லிஸ்டாட் மாத்திரை ஓராண்டில் கூடுதலாகக் குறைப்பது மூன்று கிலோ அளவே. இதயநோயும் அதிக எடையும் உள்ள 17,604 பேரிடம் நடந்த ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றின் அபாயத்தை செமாக்ளூடைடு 20 சதவீதம் குறைத்தது. உலக சுகாதார அமைப்பு 2025-இல் இவ்வகை மருந்துகளை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

ஆனால், விற்பவர்கள் மெல்லிய குரலில் சொல்லும் செய்திகளும் உண்டு. ஊசியை நிறுத்திய ஓராண்டுக்குள், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அதாவது, இது ரத்த அழுத்த மாத்திரை போல நீண்ட காலம் தொடர வேண்டிய மருந்து. முகூர்த்த நாளுக்கு மூன்று மாதம் முன்பு தொடங்கித் தாலி கட்டியதும் நிறுத்துவதற்கானது அல்ல. குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு பலருக்கும் வருகின்றன. பித்தப்பைக் கல்லும், அரிதாகக் கணைய அழற்சியும் வரலாம். குறிப்பிட்ட வகைத் தைராய்டு புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் இதைத் தொடவே கூடாது. பார்வை நரம்பைத் தாக்கும் மிக அரிதான பக்கவிளைவையும் ஐரோப்பிய மருந்து முகமை 2025-இல் செமாக்ளூடைடின் குறிப்பில் சேர்க்கச் சொன்னது. குறையும் எடையில் நான்கில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை தசை உள்ளிட்ட கொழுப்பல்லாத திசு. ஏற்கெனவே தசை குறைந்து, புரதமும் குறைவாக உண்ணும் நம் மக்களுக்கு இது சிறிய செய்தி அல்ல.

போலிகளும் வந்துவிட்டன. போலி செமாக்ளூடைடு பல நாடுகளில் பிடிபட்டதை அடுத்து 2024 ஜூனில் உலக சுகாதார அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. குளிர்ப்பதனம் தேவைப்படும் ஊசி மருந்து, மருந்துச் சீட்டில்லாமல் கைமாறினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

விலை குறைவது நல்லதே. நீரிழிவும் பருமனும் ஏழைகளையும் விட்டுவைக்கவில்லை; வசதியுள்ளவர்க்கு மட்டும் நல்ல மருந்து என்பது நியாயமல்ல. ஆனால், விலை என்ற மதில் இடியும்போது மருத்துவ ஆலோசனை என்ற மதில் இருந்தாக வேண்டும். பலனற்ற பொடியால் பணம் போகும். சில வேளை உயிர் போகும். பலன் தரும் மருந்தோ கோடிக்கணக்கானோரிடம் போகும். அதனால்தான் முன்னதைவிடப் பின்னதற்குக் கண்காணிப்பு கூடுதலாக வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் திருத்தம் நிறைவேற வேண்டும். எடைக் குறைப்பு விளம்பரத்தில் 'முன்பு, பின்பு' படங்களைப் போடுவோர், அதைப் பரப்பும் இணையப் பிரபலங்கள், காட்டும் தளங்கள் என அனைவருக்கும் பொறுப்பு வரையறுக்கப்பட வேண்டும். மரணம் நேர்ந்த பிறகு காணொலியை நீக்குவது நடவடிக்கையாகாது.

இரண்டாவதாக, மருந்துச் சீட்டில்லாமல் இந்த ஊசிகளை விற்கும் கடைகளையும் செயலிகளையும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை திடீர்ச் சோதனை செய்ய வேண்டும். ஊசி எடுத்துக்கொள்வோரின் பக்கவிளைவுகளைப் பதிவுசெய்யும் பதிவேடு ஒன்றைத் தொடக்கத்திலேயே ஏற்படுத்தினால், பத்தாண்டு கழித்து வருந்த நேராது.

மூன்றாவதாக, கொழுப்பு நீக்கம் செய்யும் ஒவ்வொரு நிலையமும் அறுவை மருத்துவரின் தகுதி, மயக்கவியல் நிபுணர், தீவிர சிகிச்சை வசதி ஆகிய விவரங்களை வாசலிலேயே எழுதிவைக்க வேண்டும். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் ஆய்வு நடத்த அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. அதை உயிரிழப்புக்கு முன்பே பயன்படுத்துவதில் தடை ஏதும் இல்லை.

நான்காவதாக, மருத்துவமே வீட்டு வாசலுக்கு வரும் மாநிலம் இது. 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கும்போது, ஒரு நாடாவால் இடுப்புச் சுற்றளவையும் அளக்கலாம். தேவைப்படுவோரை அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, உணவு ஆலோசனை, உளவியல் துணை, மருந்து, அறுவை என்று படிப்படியாக வழிநடத்தும் பிரிவுகள் மாவட்டந்தோறும் வேண்டும். நம்பகமான கதவு திறந்திருந்தால்தான் போலிக் கதவுகளை மக்கள் தட்ட மாட்டார்கள்.

எடை குறைக்க எண்ணும் ஒவ்வொருவரும், பணம் கட்டும் முன் சில கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். எனக்கு இது மருத்துவத் தேவையா, தோற்றத் தேவையா? சொல்பவர் எந்தத் துறையில் பட்டம் பெற்றவர்? எத்தனை காலம் தொடர வேண்டும், நிறுத்தினால் என்ன ஆகும்? ஏதாவது விபரீதம் நேர்ந்தால், இந்தக் கட்டடத்திலேயே என்னைக் காப்பாற்ற வசதி உண்டா? இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லாத இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது.

வள்ளுவர் மருந்துக்கென வகுத்த அதிகாரத்தில் பெரும்பகுதி உணவின் அளவைப் பற்றியே பேசுகிறது. நோயின் காரணத்தை ஆராய்ந்த பிறகே சிகிச்சையைத் தொடங்கச் சொல்கிறது. இன்றைய சந்தை அந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் மருந்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பிறகு நோயைத் தேடுகிறது. சேத்தனா ராஜுக்கு 21 வயது. அந்த மதுரை மாணவி கல்லூரிப் படிப்பைக்கூட முடிக்கவில்லை. இந்த இருவரிடமும், 'உனக்கு இது தேவையில்லை' என்று சொல்லும் கடமை யாரோ ஒருவருக்கு இருந்திருக்க வேண்டும். அந்த ஒருவரைச் சட்டத்தாலும் நடைமுறையாலும் உறுதிசெய்வதுதான் இனி நாம் செய்ய வேண்டிய வேலை.